“பிள்ளைக்கு டிக்கெட் வேணாம்” என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள்

“சின்னப் பிள்ளைதானே, மடியில வச்சுக்கங்க. டிக்கெட் வேணாம்.” மதுரையைச் சுற்றி லீவு நாளில் படகு சவாரிக்குப் போகிற குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டிக்கெட் இல்லாத பிள்ளை தலைக்கணக்கில் வராது. கணக்கில் வராத பிள்ளைக்கு, தண்ணீரில் மிதக்க வைக்கும் லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது.

மழைக்குப் பின் கண்மாய் நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு தனியார் படகுத்துறையில் நடந்ததைச் சொல்கிறோம். நாலு பேர் உட்காரும் பெடல் படகில் நாலு பெரியவர்கள், அவர்களோடு இரண்டு பிள்ளைகள். ஆறு வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. கேட்டதற்கு, “ஆழமே இல்லைங்க, இடுப்பளவுதான்” என்றார்கள். அரை மணிக்குக் காசு வாங்கிவிட்டு, டிக்கெட் கிழித்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டு இருபதே நிமிடத்தில் விசில் அடித்துக் கூப்பிட்டார்கள். நேரம் போனால் போகட்டும். ஜாக்கெட்டை அப்படி விட முடியாது.

பெரிய ஜாக்கெட் போட்ட பிள்ளை தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். பிள்ளை கையைத் தூக்கியதும் அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடும். அதனால் கரையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பட்டிகளை எல்லாம் இறுக்கிப் பூட்டிவிட்டு, தோள்பட்டைப் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் பிள்ளையின் தாடைக்கு மேலே ஏறினால் அது அவனுக்கு ஆகாது. எத்தனை கிலோவுக்கு உரியது என்று உள்பக்கம் லேபிளில் இருக்கும். சின்னக் குழந்தைக்குக் காலிடுக்கு வழியாக வரும் பட்டியும், தலையைத் தாங்கும் காலரும் அவசியம். இந்த இரண்டும் உள்ள ஜாக்கெட் அங்கே இல்லையென்றால் அந்தக் குழந்தையோடு ஒருவர் கரையில் இருந்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் ஃபோமையும் அழுத்திப் பாருங்கள். ஜாக்கெட்டை மெத்தை மாதிரி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து பல இடங்களில் அப்பளமாகிக் கிடக்கும். அழுத்திய இடம் மேலெழும்பாவிட்டால் வேறு கேளுங்கள். பக்கிள் உடைந்ததைக் கயிறு போட்டுக் கட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

“இடுப்பளவு ஆழம்” என்பதைக் கண்மாயில் நம்பவே கூடாது. மண் அள்ளிய கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போதே அடுத்த எட்டில் ஆள் ஆழப் பள்ளம் வரும். வெட்டிய சீமைக்கருவேலத் தூர்கள் தண்ணீருக்கடியில் முள்ளோடு நிற்கும். தாமரைக் கொடி காலைச் சுற்றும். மடை திறந்திருந்தால் அதன் பக்கம் தண்ணீர் இழுக்கும். கலுங்கு (நிறைந்த தண்ணீர் வெளியேறும் இடம்) பாய்கிற நாளில் அந்தத் திசைக்கே படகு போகக் கூடாது. வண்டியூர் தெப்பக்குளம் போல் கட்டிய குளமென்றால் பயம் வேறு: பாசி பிடித்த கல்படி. பிள்ளைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான். பெரியவர் ஒருவர் முதலில் ஏறி உட்கார்ந்த பிறகு பிள்ளையைக் கைமாற்றிக் கொடுங்கள்.

பெடல் படகு ஆளில்லாமல் நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், மிதவைக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளக்கும். அந்தப் படகு வேண்டாம்.

மோட்டார் படகென்றால், உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இன்படி பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். பிள்ளையும் ஒரு தலைதான். குமுளி வழியாக நம்மவர்கள் வருஷம் முழுக்கப் போகிற தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். யானையோ காட்டெருமையோ தெரிந்தால் எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் ஓடுவதுதான் அப்படிப்பட்ட படகுக்குப் பெரிய ஆபத்து. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கி இறந்தார்கள். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆட்கள். எல்லாருக்கும் ஜாக்கெட்டும் இல்லை.

ஏறும் முன் டிக்கெட், படகு எண், விலைப் பலகை மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மடிக் குழந்தைக்கும் டிக்கெட் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் காசைத் திரும்பக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அங்கே நின்றபடியே புகார் பதிவு செய்யலாம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிக்கொண்டிருந்தால் அதற்கெல்லாம் நேரமில்லை, உடனே 112-ஐ அழையுங்கள்.