வன்னியிலிருந்து மலைக்கு: றம்பொடையா, ரிவர்ஸ்டனா?

காலபோக அறுவடை முடிந்து கையில் சிறிது ஓய்வும் பணமும் சேரும் மாசி, பங்குனி மாதங்களில், மோட்டார் சைக்கிளில் மலைநாட்டுக்குப் போய்வர எந்தப் பாதை நல்லது என்று கிளிநொச்சி, வவுனியா இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். கண்டி, கம்பளை, றம்பொடை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதி ஒன்று. மாத்தளையில் ஏ-9 வீதியை விட்டு விலகி, ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதி மற்றையது. மகியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவுப் பாதையும் அழகானதுதான். ஆனால் அது நம்மைக் கிழக்கே வெகுதூரம் இழுத்துவிடுவதால் இங்கே சேர்க்கவில்லை.

மாத்தளை வரை இரண்டுக்கும் வழி ஒன்றே. அங்கிருந்து ரிவர்ஸ்டன் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் மட்டுமே. நுவரெலியாவுக்கோ கண்டி நகர நெரிசலைக் கடந்து மேலும் 77 கிலோமீற்றர் ஏற வேண்டும். எதைத் தெரிவுசெய்தாலும் முதல்நாள் இரவை மாத்தளையிலோ தம்புள்ளையிலோ கழித்து, விடிந்தபின் மலையேறுவதே முறை.

ஏ-5 அகலமான வீதி. தேயிலைத் தோட்டங்கள், 109 மீற்றர் உயர றம்பொடை நீர்வீழ்ச்சி, 225 மீற்றர் நீளச் சுரங்கப்பாதை என்று காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் பேருந்துகளும் மரக்கறி லொறிகளும் ஓயாமல் ஓடும். ரிவர்ஸ்டன் வீதி ஒடுக்கமானது. உச்சியில் காற்று பாரம் குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், மூடுபனி திடீரென இறங்கும். எனினும் வாகனங்கள் குறைவு.

நம்மவர்கள் பெரிதும் யோசிக்க வேண்டியது ஏற்றத்தை அல்ல, இறக்கத்தை. மாங்குளம், ஓமந்தைப் பக்க நேர்வீதிகளில் பழகிய கைக்கு, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடியை இழக்கும் என்பது தெரியாது. ஏறிய கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்; பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருட்டுவது உயிருக்கே ஆபத்து. 2025 மே மாதம் றம்பொடைக்கு அண்மையில் கெரண்டி எல்லவில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. ஏறும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவதால், பின்னால் ஒருவரை ஏற்றிய 100 சிசி வண்டி திணறும்.

பருவமும் முடிவை மாற்றும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் தென்மேல் பருவமழை றம்பொடைச் சரிவுகளை நனைக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ் மழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் கொட்டும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் இரண்டுமே ஏற்றவை. சித்திரையில் நுவரெலியா சனநெரிசலில் மூச்சுத் திணறும்.

முதன்முறை செல்பவருக்கு நான் சொல்வது ரிவர்ஸ்டனைத்தான். லொறிகளோடு போட்டியிட வைக்கும் அகல வீதியைவிட, மெதுவாக ஓடக் கட்டாயப்படுத்தும் ஒடுங்கிய வீதியில்தான் இறக்கத்தைப் பழகலாம். ஆனால் வன்னியில் பலருக்கு வேர் மலையகத்தில் இருக்கிறது. தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்முறைகளுக்குப்பின் இங்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். அம்மம்மா கொழுந்து பறித்த தோட்டத்தைத் தேடிப் போகிறவருக்கு ரிவர்ஸ்டன் மாற்றாகாது. அவர் ஏ-5 வழியே போகட்டும். விடிந்ததும் புறப்பட்டு, பிற்பகல் மழைக்கு முன் மேலே சேர்ந்துவிட வேண்டும்.