பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரை ‘இணைப்பில் இல்லை’ என்னும் செயலி

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்காக, நாகர்கோவிலில் ஒரு கடையில் வைஃபை ஸ்பீக்கர் இரண்டு வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாதஸ்வரம் காதைக் குத்துவதில்லை, தவிலின் தொப்பி (இடப்பக்கம்) அடி மழுங்குவதில்லை, கொடுத்த விலைக்கு அது போதும். குறை முழுவதும் அதனுடன் வரும் கைப்பேசிச் செயலியில்தான் இருக்கிறது.

முன்னறையில் பாட்டு தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் சிவப்பு எழுத்தில் ‘ஸ்பீக்கர் இணைப்பில் இல்லை’ என்று வரும். அதை நம்பி மோடத்தை அணைத்துப் போடுவதே முதல் வாரம் என் வேலையாக இருந்தது. நிறுவனத்தின் உதவி எண்ணில் மூன்று முறை பேசியும் ஸ்பீக்கரை ரீசெட் செய்யச் சொன்னதைத் தவிர வேறு வழி காட்டவில்லை. சேமித்து வைத்திருந்த வானொலி நிலையங்கள் அழிந்ததுதான் மிச்சம். “சார், பெட்டியில கொறை ஒண்ணும் இல்ல, வீட்டு வைஃபையப் பாருங்க” என்று கடைக்காரர் சொன்னபோது, கை கழுவுகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் பாட்டு ஓடும்போதே கைப்பேசியை ஏரோப்பிளேன் மோடில் போட்டேன். பாட்டு நிற்கவில்லை. இவ்வகை ஸ்பீக்கர், பாட்டை இணையத்திலிருந்து தானே நேரடியாக வாங்கிக்கொள்கிறது. கைப்பேசி வெறும் ரிமோட்தான். ஆகவே அந்த எச்சரிக்கைக்கு, ‘இந்தக் கைப்பேசிக்கு ஸ்பீக்கர் தென்படவில்லை’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதை அப்படியே எழுதியிருந்தால் எனக்கு ஒரு வார அலைச்சல் குறைந்திருக்கும்.

ஏன் தென்படவில்லை என்பதற்கு விடை அடுக்களையில் கிடைத்தது. தடித்த சுவர்களைத் தாண்டி அலை வராததால், அங்கே ஏற்கெனவே இரண்டாவது ரூட்டர் ஒன்று வைத்திருந்தேன். ரூட்டரின் வேலையையும் சேர்த்துச் செய்யும் மோடம் தன் கீழுள்ள கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும், ரூட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளையும் கொடுத்துவந்தன. ஒரே வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள்! ஸ்பீக்கரைத் தேடக் கைப்பேசி எழுப்பும் கூப்பாடு ஒரு வலையமைப்பைத் தாண்டி இன்னொன்றுக்குள் போகாது. கட்டன்சாயா போட நான் அடுக்களைக்குள் நுழைந்ததும் கைப்பேசி அங்குள்ள ரூட்டருக்குத் தாவும்; முன்னறை ஸ்பீக்கர் அதன் கண்ணிலிருந்து மறையும்; எச்சரிக்கை வரும். ரூட்டரை, மோடத்தின் வலையமைப்பையே நீட்டித்துத் தரும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, முகவரி வழங்கும் பொறுப்பை மோடத்திடம் மட்டும் விட்டபின், பத்தில் எட்டு எச்சரிக்கைகள் நின்றுபோயின.

மீதியில் சில மின்வெட்டுக்குப் பிறகு வந்தவை. இடி மின்னலில் மின்சாரம் போய் வந்ததும் மோடம் புதிய முகவரிகளைப் பங்கிட, செயலியோ பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருந்தது. மோடத்தின் அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கியதும் அதுவும் தீர்ந்தது. மற்றவை மனைவியின் ஐபோனில் வந்தவை; அதில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி தரப்படாமல் இருந்தது. ஐஓஎஸ் 14 முதல் அந்த அனுமதி இல்லாமல் செயலி அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேட முடியாது.

‘இணைய வேகம் போதவில்லை’ என்ற இன்னொரு செய்தியும் அடுக்களை ஸ்பீக்கருக்கு அடிக்கடி வரும். குறுந்தகட்டுத் தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலும் பாட்டுக்கு நொடிக்கு சுமார் 1.4 மெகாபிட்தான் வேண்டும், எங்கள் இணைப்போ 100 மெகாபிட். குற்றவாளி, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பு, ஸ்பீக்கர் பிடித்திருந்த வைஃபை அலையைப் போலவே அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இரைகிறது. ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன்.

ஸ்பீக்கருக்கு ஐந்தில் நான்கு, செயலிக்கு ஒன்று. வீட்டில் ஒரே ரூட்டர் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இரண்டு வைத்திருப்பவர்கள், ஸ்பீக்கர் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டாவதை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள்.