தோலில் ஒரு வட்டம்: போனா, டெர்மோஸ்கோப்பா, பிளேடா, பயொப்சியா?

கொழும்புப் புழுக்கத்தில் முதுகிலோ தொடையிடுக்கிலோ ஒரு வட்டம் விழுவது புதினமான விசயமில்லை. அதைக் காட்டுவதற்கு இப்போது ஆட்கள் கூடிவிட்டார்கள். வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு பாமசிக் கவுண்டரில் கையை நீட்டி, "அண்ணை, இதுக்குப் பூச ஏதும் தாங்கோ" என்றால் டியூப் வந்துவிடும். பிள்ளைகள் போனில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்கிறார்கள். கையில் காசு இருந்தால் தோல் டொக்டரை சனல் பண்ணலாம். நேரம் இருந்தால் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்.

யாரிடம் போவது என்பதை விட்டுவிட்டு, எதை வைத்துப் பார்ப்பது என்பதை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் வழக்கமாக வரும் தோல் நோய்களுக்கு, தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க உதவும் பிளேடும் கண்ணாடித் தட்டும்தான் முன்னுக்கு நிற்கின்றன. மினுங்குகிற கருவிகளின் மதிப்பெண்கள் பொய்யில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வேறொரு நோயில், வேறொரு நிறத் தோலில் வாங்கிய மதிப்பெண்கள்.

போன் செயலி

செயலிகளின் புகழ் 2017இல் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 129,450 படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு கணினி நிரல், 21 தோல் நிபுணர்களோடு போட்டிக்கு நின்று அவர்களுக்குச் சமமாக வந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. போட்டியின் கேள்வி என்ன என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை: இது தோல் புற்றுநோயா, தீங்கில்லாத மச்சமா? படர்தாமரையா (பங்கசு, அதாவது பூஞ்சை பிடித்து வருவது) எக்ஸிமாவா (தோல் அழற்சி) என்று அந்தப் போட்டியில் யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அதே ஆய்வாளர்களே ஒரு வேடிக்கையையும் எழுதினார்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படங்களை நிரல் புற்றுநோய் என்று சொல்லும் சாத்தியம் அதிகமாக இருந்ததாம். டொக்டர்கள் சந்தேகப்பட்ட மச்சத்துக்குத்தானே அடிமட்டம் வைத்து அளப்பார்கள்! நிரல் அதைப் பிடித்துக்கொண்டது.

2022இல் இன்னொரு ஆய்வு வந்தது. பயொப்சி செய்து, அதாவது தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதித்து, உறுதியான 656 படங்களை, வெள்ளைத் தோல் கறுத்த தோல் இரண்டும் இருக்கும்படி சேர்த்து, பெயர்பெற்ற மூன்று நிரல்களுக்குக் கொடுத்தார்கள். மூன்றுமே முன்பு வாங்கிய மதிப்பெண்ணை எட்டவில்லை. கறுத்த தோலில் இன்னும் சறுக்கின. இயந்திரத்தை மட்டும் ஏசிப் பயனில்லை, அதே படங்களைப் பார்த்த தோல் நிபுணர்களும் கறுத்த தோலில் பின்தங்கினார்கள். கறுத்த தோல் படங்களையும் காட்டித் திரும்பப் பழக்கியபோது நிரல்களின் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. ஆக, கோளாறு பழக்கிய படங்களில் இருந்தது.

நம் தோலில் இது எப்படி வருகிறது என்றால், பாடநூல் "சிவந்த தடிப்பு" என்று எழுதுவது நமக்குச் சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கருமையாக, சில வேளை சாம்பலாகத் தெரியும். தோல் நிறத்தை வகுக்க உலகமே பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் வந்தபோது வெள்ளைத் தோலின் வெயில் எரிவைத்தான் வகுத்தது. மண்ணிறத்துக்கும் கறுப்புக்கும் உரிய வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்து, நோயில்லாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல செயலிதான். அதை 1,000 பேர் பயன்படுத்த, அவர்களில் இருவருக்குத்தான் உண்மையில் புற்றுநோய் என்றால், அந்த இருவரைத் தவிர ஏறக்குறைய 200 பேருக்கு வீண் பதற்றம். அரிதான நோயை ஊர் முழுக்கத் தேடினால் எந்தச் சோதனைக்கும் இந்தக் கதிதான்.

போன் உதவாது என்று சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால் டொக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பார்ப்பது மனிதர் என்றால் பக்கத்தில் அடிமட்டமும் வைக்கலாம்.

டெர்மோஸ்கோப்

சனல் பண்ணிப் பார்க்கும் டொக்டர்களின் கையில் இப்போது காணப்படும் சின்ன விளக்குக் கண்ணாடி இது. பத்து மடங்கு பெருப்பித்து, தோலின் மேற்பரப்புப் பளபளப்பை வெட்டி, சற்று உள்ளே உள்ள நிறத்தையும் குழாய்களையும் காட்டும். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, நோயில்லாத 100 பேரில் 20 பேரைத் தவறாகச் சந்தேகிப்பது என்ற அளவில் இரண்டையும் நிறுத்தி ஒப்பிட்டால், வெறுங்கண் 100 மெலனோமாவில் (மச்சம்போலத் தெரியும் ஆபத்தான தோல் புற்றுநோய்) 76ஐப் பிடிக்கும், டெர்மோஸ்கோப் 92ஐப் பிடிக்கும். பெரிய வித்தியாசம். ஆனால் பயிற்சி இல்லாதவர் கையில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும் என்று 2002இலேயே ஒரு தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. அதோடு, இலங்கையில் மெலனோமா அரிது. வந்தாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று தேடிப் பார்க்க வேண்டிய இடங்களில் வரும்.

சிரங்குக்கு இந்தக் கருவி அருமை. உண்ணி தோண்டிய வளையின் நுனியில் ஒரு கருத்த குட்டி முக்கோணம் தெரியும், அதுதான் உண்ணியின் தலைப்பக்கம். கறுத்த தோலில் அந்த முக்கோணத்தைத் தேடக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். குழந்தையின் தலையில் பங்கசு பிடித்தால் முடி காற்புள்ளிபோல வளைந்து நிற்பதையும் இதில் பார்க்கலாம். ஆனால் முதுகில் உள்ள சாதாரண வட்டத்துக்கு இது தருவது ஊகம்தான், உறுதி இல்லை.

பிளேடும் கண்ணாடித் தட்டும்

வட்டத்தின் நடுவைச் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. பங்கசு வெளியே நகர்ந்துகொண்டே போவதால், உயிரோடு இருப்பது ஓரத்தில்தான். ஓரத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, மழுங்கிய பிளேடைச் சரித்துப் பிடித்து, இரத்தம் வராமல் வெள்ளைத் துகளை மட்டும் வழித்துக் கண்ணாடித் தட்டில் விழவைக்க வேண்டும். அதன்மேல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு சொட்டு, 10 முதல் 20 வீதம் செறிவு. மேலே மெல்லிய கண்ணாடி மூடி. சில நிமிடம் பொறுத்தால் தோல் கலங்கள் கரைந்து தெளிவாகிவிடும், பங்கசு கரையாது. நுணுக்குக்காட்டியில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்தால், கண்ணாடி இழைபோலக் கிளைவிட்டு, இடையிடையே கணுப்போட்டுக்கொண்டு ஓடுகிற நூல்கள் தெரியும். நூல் தெரிந்தால் பங்கசு. ஊசியும் இல்லை, தையலும் இல்லை, நோயாளி அதே கதிரையில் இருக்கும்போதே பதில் வந்துவிடும்.

குறை இல்லாமலில்லை. பங்கசு இருந்தும் தட்டில் தெரியாமல் போவதுண்டு. எத்தனை முறை என்பது வழித்தவர் கையையும் பார்த்தவர் கண்ணையும் பொறுத்தது. எந்த இனப் பங்கசு என்றும் இது சொல்லாது, அதற்கு வளர்ப்புச் சோதனை வேண்டும், நாலு வாரம் வரை ஆகலாம். முன்பு அந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது எடுக்கத்தான் வேண்டும். 2020இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிடப்பட்ட ஓர் இனம் தெற்காசியாவில் பரவிக் கிடக்கிறது. வழக்கமான டேர்பினஃபின் மாத்திரைக்கு அது பல வேளை மசிவதில்லை. வளர்ப்பிலும்கூட அது தன் அண்ணன் தம்பி இனங்களைப் போலவே இருக்கும், மரபணுவை வாசித்தால்தான் ஆள் அடையாளம் தெரியும்.

இனி அந்தப் பாமசி டியூப். "பூசிப் பார்ப்பம், சுகம் வந்தால் அதுதான் வருத்தம்" என்பதும் ஒரு கண்டறியும் முறையாகத்தான் நம் ஊரில் ஓடுகிறது. இந்த ஒப்பீட்டில் ஆகக் கடைசி இடம் அதற்குத்தான், ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனையையும் அது கெடுத்துவிடுகிறது. கலவைக் கிறீம்களில் பங்கசு மருந்தோடு குளோபெற்றசோல் போன்ற கடும் ஸ்டீரொயிட்டும் இருக்கும். ஸ்டீரொயிட் அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால் வட்டத்தின் ஓரம் மங்கும், செதில் குறையும், பங்கசு உள்ளே நிம்மதியாகப் படரும். வேடம் மாறிய இந்தப் படர்தாமரையை 1968இலேயே இலண்டன் தோல் டொக்டர்கள் தனிப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். செயலிக்கு இது எக்ஸிமா. டெர்மோஸ்கோப்புக்கும் குழப்பம். பங்கசு மருந்து பூசியிருந்தால் கண்ணாடித் தட்டிலும் நூல் தெரியாமல் போகலாம், ஆகவே சில வாரம் பூசாமல் விட்டு வரச் சொல்வார்கள். என்ன பூசினீர்கள் என்பதை டொக்டரிடம் ஒளிக்கவே வேண்டாம், டியூபையே கொண்டு போங்கள்.

பஞ்சு நுனி

அரிப்பில்லாத, வெளிறிய ஒரு படை என்றால் கதை வேறு. தொழுநோயையும் நினைக்க வேண்டும். தொழுநோயாளிகள் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலக சுகாதார நிறுவன இலக்கை இலங்கை 1995இல் எட்டியது. அதைக் கேட்ட பலர் தொழுநோய் நாட்டை விட்டே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், மேல் மாகாணத்திலும் கிழக்கிலும் கூடுதலாக.

இதற்கான முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பஞ்சின் நுனியைத் திரித்து, நல்ல தோலில் ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, படையின் மேலும் வெளியேயும் மாறிமாறித் தொட வேண்டும். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்ட வேண்டும். படையின் மேல் தொடும்போது மட்டும் விரல் அசையவில்லை என்றால், விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பெரிய தகவல் கிடைத்துவிட்டது. எந்தப் படமும் இதைச் சொல்லாது.

அடுத்தது கீறல் சோதனை. காதுச் சோணையை இரத்தம் வற்றும்வரை இறுக்கிப் பிடித்து, 5 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு சின்னக் கீறல். பிளேடைத் திருப்பி உள்ளே வழித்துத் தட்டில் பூசிச் சாயமிட்டால், நீலப் பின்னணியில் பற்றீரியாக்கள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, ஏனென்றால் தொழுநோயாளிகளில் பாதிப் பேரோ அதற்கும் குறைவானவர்களோதான் பெரும்பாலும் இதில் பிடிபடுவார்கள். பற்றீரியா குறைந்த வகையில் தோல் மரத்துப்போவதுதான் முக்கிய சாட்சி, தட்டு அல்ல. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே மத்திய தொழுநோய்க் கிளினிக் இருக்கிறது. மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் கட்டிய தொழுநோய் ஆசுபத்திரியின் நினைவு இன்னும் சில குடும்பங்களை வாசலிலேயே தயங்க வைக்கிறது. இன்று யாரையும் எங்கேயும் அடைத்து வைப்பதில்லை, மாத்திரையை வீட்டில் வைத்துக் குடிக்கலாம்.

நோவும் அரிப்பும் இல்லாமல் மாதக்கணக்கில் ஆறாத ஒரு சிறு புண் இருந்து, வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போய்த் தங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் இங்கேயே தொற்றியது 1992 முதல் பதிவாகியிருக்கிறது. மற்ற நாடுகளில் ஈரலையும் மண்ணீரலையும் பிடிக்கும் அதே இன ஒட்டுண்ணி, இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. இதையும் கீறிச் சாயமிட்டுப் பார்ப்பதுதான் முதல் வழி.

பயொப்சி

பயொப்சி என்றால் பலருக்குப் புற்றுநோய்ப் பயம் வந்துவிடுகிறது. உண்மையில் அது விறைப்பு ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு எடுத்து, ஒன்றோ இரண்டோ தையல் போடும் வேலை. ஆய்வுகளில் மற்றச் சோதனைகளை எல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. டொக்டர் சந்தேகப்பட்ட தோலைத்தான் வெட்டுவார்கள், சந்தேகப்படாததை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே தவறவிட்ட நோயாளிகள் பல ஆய்வுகளின் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அளவுகோலும் அசையாதது இல்லை. 2017இல் அமெரிக்காவில் 187 நோயியல் நிபுணர்களுக்கு மச்சம், மெலனோமாத் தட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவான நல்ல மச்சத்திலும் முற்றிய புற்றுநோயிலும் ஒத்துப்போனவர்கள், நடுத்தர வகைகளில் நிபுணர் குழுவின் தீர்ப்போடு பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போனார்கள். எக்ஸிமாவும் சொரியாசிசும் உள்ளங்கையில் வந்தால் பயொப்சியும் சில வேளை கையை விரிக்கும்.

அதனால் முதல் வட்டத்துக்கே பயொப்சி கேட்பதில் அர்த்தமில்லை. சுரண்டலில் நூல் இல்லை, கிறீம் நிறுத்தியும் மாறவில்லை, அல்லது தோல் மரத்திருக்கிறது என்றால் கேளுங்கள். துண்டோடு போகும் படிவத்தில் எந்த இடம், எத்தனை மாதம், என்ன பூசியது, டொக்டரின் சந்தேகம் என்ன என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "தோல் துண்டு" என்று போனால் "நாட்பட்ட அழற்சி" என்ற மொட்டைப் பதில்தான் திரும்பி வரும். ரிப்போட்டில் உள்ள இலக்கத்தையும் குறித்து வையுங்கள். மெழுகில் பதித்த துண்டை ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் பல வேளை அந்தத் துண்டையே இன்னொரு நிபுணருக்கு அனுப்பலாம், திரும்ப வெட்டத் தேவையில்லை.