ஏர்பஸ் ஏ320: இறக்கையோர இருக்கையில் கேட்டவை

ஒலிக்கு அஞ்சுபவர்களுக்கு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இறக்கையை ஒட்டிய இருக்கை உகந்ததன்று. ஆனால் காரணம் தெரிந்தவர்களுக்கு அதைவிடச் சுவையான இடம் வேறில்லை. இன்ஜின் இயங்கத் தொடங்கும் முன் குளிர்காற்று சட்டென்று நின்று கேபின் அமைதியாகிறது; வால்பகுதியிலுள்ள சிறு டர்பைன் தரும் அழுத்தக் காற்று இன்ஜினைச் சுழற்றத் திருப்பிவிடப்படுவதே இதற்குக் காரணம். அடுத்து, காலடியில் நாய் விட்டுவிட்டுக் குரைப்பதுபோல, அல்லது யாரோ ரம்பம் இழுப்பதுபோல ஓர் ஒலி எழுகிறது. விமானத்தின் பாகங்களை அழுத்தமூட்டிய திரவத்தால் இயக்கும், பச்சை, மஞ்சள் எனப் பெயரிடப்பட்ட இரு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கிடையே அழுத்த வேறுபாடு சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டை (பி.எஸ்.ஐ.) தாண்டும்போது, அதைச் சமன்செய்யும் கருவி தானாக இயங்கும் ஓசை அது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "ஏதாவது கழன்றுவிட்டதா, தம்பி?" என்று கேட்டார். பணிப்பெண் புன்னகையோடு கடந்துபோனாரே தவிர, ஒரு வார்த்தை விளக்கவில்லை. சேவையில் நான் கண்ட பெருங்குறை இதுவே. மேலெழுந்தபின் சக்கரங்கள் உள்ளே மடங்கி, கதவுகள் மூடும்போது கேட்கும் 'தொம்' என்ற அதிர்வும், சற்று நேரத்தில் விமானிகள் விசையைக் குறைப்பதால் இரைச்சல் தணிவதும் இயல்பானவையே. தரை தொட்டதும் எழும் பேரிரைச்சல், வேகத்தைக் குறைப்பதற்காக இன்ஜினின் காற்றோட்டம் முன்னோக்கித் திருப்பப்படுவதால் வருவது. அதற்குள் கண்ணயர்ந்திருந்த பெரியவர் அந்த முழக்கத்திலும் விழிக்கவில்லை.