நெத்தலியா, நாய் பிஸ்கட்டா?

வன்னியில் வீட்டு நாயைப் பழக்குவோர் வெகுமதியாகக் கடையில் வாங்கும் நாய் பிஸ்கட்டையோ, முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் நெத்தலிக் கருவாட்டையோ கொடுக்கலாம். பிஸ்கட் கையில் வாடையை விடாது. ஆனால் நாய் அதை நொறுக்கித் தின்று, சிந்திய துகள்களை மோந்து முடிப்பதற்குள் கற்பித்த பாடம் கலைந்துவிடுகிறது.

நெத்தலியோ மணத்தாலேயே இழுக்கும். கோழிகளும் மாடுகளும் திரியும் திறந்த வளவில், "வா" என்றதும் நாய் அவற்றை விட்டுத் திரும்பி ஓடிவர வேண்டுமானால், நான் நெத்தலியையே தெரிவுசெய்வேன். எனினும் கருவாட்டின் உப்பு நாய்க்கு ஆகாது என்பதால், தலையை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, பின்னர் அவித்து, விரல் நகமளவு துண்டுகளாக்க வேண்டும் (இவ்வேளையில் பூனையும் வந்து அமர்ந்துவிடும்). உப்பிடாத பச்சை நெத்தலி கிடைத்தால், அதை அவித்துக் கொடுப்பது இன்னும் மேல்.

எதுவாயினும், நாய் சொற்கேட்ட ஓரிரு வினாடிக்குள் கொடுக்க வேண்டும். மொத்த வெகுமதி நாளாந்த உணவுச் சக்தியில் 10 சதவீதத்தை மிஞ்சலாகாது. பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் கீழ்ப்படிதல் போட்டிகளில் களத்துக்குள் தீனிக்கு அனுமதியில்லை. ஆகவே போட்டிக்குப் பழக்குவோர் நெத்தலியானாலும் பிஸ்கட்டானாலும் அதைப் படிப்படியாகக் குறைத்து, பாராட்டுச் சொல்லுக்கே நாயைப் பழக்க வேண்டியிருக்கும்.