பி.டி.ஏ.வா, பி.டி.ஓ.வா? பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு வரிவிலக்கு வாங்கும் வழிகள்

அமெரிக்கப் பள்ளிகளில் பெற்றோர் சங்கம் என்றால் பொதுவாக இரண்டு பெயர் காதில் விழும். பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) என்பது 1897-இல் தொடங்கிய தேசிய அமைப்பின் கிளை. பி.டி.ஓ. (பெற்றோர்-ஆசிரியர் அமைப்பு) என்பது அந்தந்தப் பள்ளிப் பெற்றோர் தாங்களே நடத்தும் தனிச் சங்கம். இரண்டுமே 501(சி)(3), அதாவது வருமான வரிவிலக்குள்ள பொதுநல அமைப்பு என்ற தகுதி பெறலாம். அதை எப்படி வாங்குகிறோம், யார் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பி.டி.ஏ.வில் சேர்ந்தால் தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் மாநில பி.டி.ஏ. தன் கிளைகளுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கும் குழு விலக்குக்குள் கிளையும் வந்துவிடும். பதிலுக்கு உறுப்பினர் சந்தாவில் ஒரு பங்கு மாநிலத்துக்கும் தேசிய அமைப்புக்கும் போகும். சட்டதிட்டமும் அவர்கள் சொன்னபடிதான். பிடிக்கவில்லை என்று பின்னால் விலக நினைத்தால், கையில் இருக்கும் பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. சேரும்போது இதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

பி.டி.ஓ. என்றால் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் நாமே போக வேண்டும். சிறிய சங்கத்துக்கு 1023-ஈசி என்ற சுருக்கப் படிவம் போதும். கட்டணம் 275 டாலர். ஆண்டு மொத்த வரவு 50,000 டாலரையும், சொத்து 2,50,000 டாலரையும் தாண்டக் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது ‘மொத்த வரவு’. 6,000 டாலருக்கு டீ-ஷர்ட் வாங்கி 8,000 டாலருக்கு விற்றால், கணக்கில் வருவது 2,000 டாலர் லாபம் அல்ல, முழு 8,000. நிதி திரட்டும் ஓட்டம், ஏலம், பீட்சா இரவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பெரிய பள்ளியில் வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். அடுத்த மூன்று ஆண்டுகளில் தாண்டும் என்று தெரிந்தாலே ஈசி கிடையாது. 600 டாலர் கட்டி நீண்ட 1023 படிவத்தை நிரப்ப வேண்டும். தொடங்கி 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் தொடக்க நாளிலிருந்தே விலக்கு செல்லும்.

ஆண்டு வரவு வழக்கமாக 5,000 டாலருக்குள் என்றால் விண்ணப்பிக்கவே வேண்டாம். ஆனால் கையில் ஐஆர்எஸ் கடிதம் இருக்காது. அப்புறம் கம்பெனி மேட்சிங் பணம் (ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாக அவர் நிறுவனமும் தருவது) கேட்கும்போது தகராறு. ஐடி வேலையில் இருக்கும் பெற்றோர் அதிகமுள்ள பள்ளிகளில் இது சின்ன இழப்பு இல்லை. இன்னொரு வழி, பணத்தைப் பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கணக்கிலேயே வைத்துவிடுவது. அரசுப் பள்ளிக்குத் தரும் நன்கொடைக்கும் வரிக்கழிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் மாவட்ட விதியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பெற்றோர் மட்டும் ஓடியாடும் சிறிய பள்ளிக்கு இதுவே நிம்மதி என்பேன்.

எந்த வழியில் போனாலும் வில்லங்கம் வருவது விண்ணப்பத்துக்குப் பிறகுதான். வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் ஆண்டுதோறும் 990-என் என்ற மின்-அட்டையை அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை, கட்டணம் இல்லை. கணக்காண்டு ஜூன் 30-இல் முடிந்தால் நவம்பர் 15 கெடு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறினால் விலக்கு தானாகவே ரத்து. 2011-இல் ஐஆர்எஸ் முதன்முதலாக இப்படி ரத்தான பட்டியலை வெளியிட்டபோது அதில் சுமார் 2,75,000 அமைப்புகள் இருந்தன. பி.டி.ஏ. கிளை என்பதால் மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக் கூடாது. பொதுவாகக் கிளைதான் அனுப்ப வேண்டும். பொருளாளர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார், கடவுச்சொல் பழையவரோடு போய்விடும். இந்த விஷயத்தில் பி.டி.ஏ.வுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண் தருவேன், நினைவூட்ட மேலே யாராவது இருக்கிறார்களே.

விளையாட்டு, பேண்டு குழுக்களுக்காகப் பணம் திரட்டும் பூஸ்டர் கிளப்புகளுக்கு வேறு ஆபத்து. வர்ஜீனியாவில் கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், நிதி திரட்டிய பெற்றோருக்குப் புள்ளி கொடுத்து, அவரவர் பிள்ளையின் செலவில் கழித்தது. திரட்டாதவருக்கு ஒன்றும் இல்லை. இது பொதுநலம் அல்ல, தனிநபர் ஆதாயம் என்று 2013-இல் வரி நீதிமன்றம் விலக்கு ரத்தானதை உறுதி செய்தது. ‘நீ விற்றதுக்கு உன் பிள்ளைக்குக் கழிவு’ என்ற ஏற்பாட்டை எந்தச் சங்கமும் வைக்காமல் இருப்பது நல்லது.

ஆக, 30,000 டாலர் அளவில் வரவு, இரண்டு மூன்று ஆண்டு நிலைத்து நிற்கும் பொருளாளர் என்று இருந்தால் நான் பி.டி.ஓ. பக்கம், சந்தாவில் போகும் பங்கு பள்ளியிலேயே தங்கும். அப்படி ஆள் கிடைக்காத இடத்தில் பி.டி.ஏ. கேட்கும் சந்தாவைக் கொடுத்துவிடலாம். விற்பனை வரி விலக்கு மட்டும் இரண்டு பேருக்குமே தனிக் கதை. அது மாநிலத்தின் கையில், ஐஆர்எஸ் கடிதத்தோடு தானாக வராது.