டியூப் ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்தாத ஸ்பீக்கரைப் "பொருத்தமான ஜோடி" என்று விற்கிறார்கள்: வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு

சென்னையில் உயர்தர ஆடியோ கருவிகள் விற்கும் ஒரு கடையில், 300பி என்ற வகை வால்வு (டியூப்) கொண்ட ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் அலமாரியில் வைக்கத்தக்க சிறிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றையும், "இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று நாங்களே கேட்டுப் பார்த்துச் சேர்த்த செட்" என்ற உறுதிமொழியின் பேரில் வாங்கினேன். அந்த உறுதிமொழி பொய். டியூப் ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைத்துப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் பலருக்கும் இதே பேச்சு சொல்லப்படுகிறது என்று அறிவதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கடையில் கேட்கவைத்தபோது அந்த ஆம்ப்ளிஃபையர் இணைக்கப்பட்டிருந்தது ஆளுயர ஹார்ன் (ஊதுகுழல்போல் வாய் விரிந்த) ஸ்பீக்கர்களுடன். வயலின் கச்சேரி ஒன்றைப் போட்டார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழுந்த ஒவ்வொரு அடியும் தனித்துத் தெளிவாகக் கேட்டது. விலை பேசும் நேரத்தில், "அந்தப் பெரிய ஜோடி ஏற்கெனவே விற்றுவிட்டது, இந்தச் சிறியதிலும் இதே ஒலிதான் வரும், உங்கள் அறைக்கு இதுவே தாராளம்" என்றார்கள். சிறியதை அந்த ஆம்ப்ளிஃபையருடன் இணைத்துக் காட்டும்படி கேட்டபோது, டெமோ அறையில் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது. 1930களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் சில வாட் சக்தியைக் கொண்டே சினிமாக் கொட்டகைகளை நிரப்பின, உங்கள் வீட்டுக்கூடம் எம்மாத்திரம் என்றும் சொன்னார்கள். கொட்டகைகள் நிரம்பியது உண்மை. ஆனால் அந்தக் கொட்டகைகளில் இருந்தவை மிகக் குறைந்த சக்தியையும் பெரும் ஒலியாக்கும் பிரம்மாண்டமான ஹார்ன் ஸ்பீக்கர்கள். இந்தப் பாதியை அவர்கள் சொல்லவில்லை.

வீட்டில் இணைத்துக் கேட்டபோது குரலும் தம்புராவும் மெல்லிய அளவில் இனிமையாகவே இருந்தன. தனி ஆவர்த்தனம் தொடங்கி ஒலியைச் சற்றே கூட்டியதும், தொப்பியின் கும்மென்ற நாதம் அமுங்கி, அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல ஆகிவிட்டது. வலந்தலையின் சாப்பு ஓசையில் ஒரு கரகரப்பு ஏறியது. பெண் குரலில் மேல் ஸ்தாயி காதைக் குத்தியது. கடைக்குச் சொன்னபோது, புதிய ஸ்பீக்கர் "பழக" 200 மணி நேரம் ஓட வேண்டும் என்றார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது இரண்டு மாதத்துக்கும் மேல். அவர்கள் வாய்மொழியாகச் சொல்லியிருந்த திருப்பி எடுக்கும் காலமோ 10 நாள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அறிவுரை எதற்காகச் சொல்லப்பட்டது என்பது விளங்கும். அதன் பிறகு, இதைவிட விலை உயர்ந்த வால்வுகளை மாற்றினால் சரியாகும் என்றும், கேபிளை மாற்றினால் சரியாகும் என்றும் மேலும் செலவுக்கு வழி காட்டினார்கள்.

வால்வையோ கேபிளையோ மாற்றித் தீர்க்கக்கூடிய கோளாறு அல்ல இது. ஒற்றை 300பி வால்வு ஒரு சேனலுக்குச் சுமார் 8 வாட் தரும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. சக்தியை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். ஆகவே 8 வாட் என்பது ஒரு வாட்டுக்கு மேல் 9 டெசிபல்தான். 96 டெசிபல் ஸ்பீக்கர் அந்த 8 வாட்டில் 105 டெசிபலைத் தொடும். 84 டெசிபல் ஸ்பீக்கர் 93 டெசிபலில் நின்றுவிடும். முன்னதற்குச் சமமாக ஒலிக்கப் பின்னதற்கு ஏறத்தாழ 128 வாட் வேண்டும். மிருதங்கமும் தவிலும் சராசரி ஒலிக்கு மிக மேலே திடீரென எழும் வாத்தியங்கள். சக்தி போதாமை முதலில் வெளிப்படுவது அவற்றில்தான்.

என் பில்லில் "87 டெசிபல், 8 ஓம்" என்று கையால் எழுதியிருக்கிறார்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் (இம்பீடன்ஸ்) அளவு. ஸ்பீக்கரின் பின்தகட்டில் அச்சாகியிருப்பது 4 ஓம். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் 87 டெசிபல் என்ற எண் 2.83 வோல்ட்டுக்கு உரியது என்று தெளிவாக இருக்கிறது. 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு வாட். அதாவது இந்த ஸ்பீக்கரின் உண்மையான அளவு ஒரு வாட்டுக்கு 84 டெசிபல். உற்பத்தியாளர் எதையும் மறைக்கவில்லை. 4 ஓம் என்பதை 8 ஓம் என்று மாற்றி எழுதியது கடை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைக் கைத்தவறாகச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் அந்த ஒரு எண் மாறினால்தான் இந்த ஜோடி காகிதத்திலாவது ஓரளவு பொருந்துவதாகத் தெரியும்.

இம்பீடன்ஸ் விஷயம் இதைவிட முக்கியமானது. வால்வு நேரடியாக ஸ்பீக்கரை இயக்குவதில்லை, நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. வால்வு சுமார் 3,500 ஓம் சுமையை எதிர்பார்க்கும் வடிவமைப்பில், 8 ஓம் ஸ்பீக்கருக்கான முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் வால்வுக்குத் தெரிவது அதில் பாதிதான். ஒலியின் உருக்குலைவு (டிஸ்டார்ஷன்) கூடும். கடையிலிருந்து வந்த ஆள் இணைத்துவிட்டுப் போனது 8 ஓம் முனையில். பிறகு எனக்குத் தெரிந்த ஆடியோ மெக்கானிக் ஒருவர் 4 ஓம் முனைக்கு மாற்றிக் கொடுத்ததில் கரகரப்பு கொஞ்சம் குறைந்தது. அவர் அளந்து பார்த்தபோது அந்த ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் தாழ்ந்த பகுதியில் 3.2 ஓமுக்கு இறங்குகிறது, வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கானது) சந்திக்கும் பகுதியில் 25 ஓமுக்கு ஏறுகிறது. ஃபீட்பேக் இல்லாத (வெளிவரும் சிக்னலை ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளாத) இவ்வகை ஆம்ப்ளிஃபையரின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் இரண்டு மூன்று ஓம் இருக்கும். அதனால் இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் ஒலி தானாகவே 4 டெசிபல் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். மேல் ஸ்தாயி குத்தியதன் காரணம் இதுதான். ஸ்பீக்கர் மோசமானதல்ல. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அது அருமையாக ஒலிப்பதை மெக்கானிக்கின் பட்டறையிலேயே கேட்டேன். வால்வு மீதும் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், வாங்கும் அதே ஆம்ப்ளிஃபையரில் வாங்கும் அதே ஸ்பீக்கரை இணைக்கச் சொல்லி, உங்களுக்குப் பழக்கமான பதிவை, வீட்டில் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கடையில் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். சென்சிடிவிட்டி ஒரு வாட்டுக்கா 2.83 வோல்ட்டுக்கா என்பதையும், இம்பீடன்ஸ் எந்த அளவுக்கு இறங்கும் என்பதையும், எத்தனை சதவீத உருக்குலைவில் அந்த 8 வாட் கணக்கிடப்பட்டது என்பதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முனையை மாற்றிப் பார்க்க நேர்ந்தால் முதலில் ஆம்ப்ளிஃபையரை அணையுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்ளிஃபையரை ஓட்டினால் டிரான்ஸ்பார்மரே போய்விடக்கூடும்.

என் பில்லில் திருப்பி எடுக்கும் காலம் எதுவும் அச்சிடப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில்லில் கெடு குறிப்பிடாத நிலையில் குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் அதில் அடக்கம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, ஸ்பீக்கர்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடை சொல்லியிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. 8 ஓம் என்று எழுதிய பில்லும், 4 ஓம் என்று காட்டும் பின்தகட்டின் படமும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவோடு இணைக்கப்பட்டிருக்கின்றன.